கூகுள் வரைபடத்தில் எங்கள் செக்கை மூடியவர்கள்

சென்ற மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், மாதந்தோறும் திருப்பூரிலிருந்து வந்து ஐந்து லிட்டர் கடலை எண்ணெயும் இரண்டு லிட்டர் நல்லெண்ணெயும் வாங்கிச் செல்லும் வாடிக்கையாளர் ஒருவர் கைப்பேசியில் அழைத்து, “என்னக்கா, கடைய மூடிட்டீங்களா? மேப்புல அப்படித்தான் போட்டிருக்குது” என்று கேட்டார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் செக்குகள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. கூகுள் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். கடைப்பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் “நிரந்தரமாக மூடப்பட்டது” என்று இருந்தது. அந்தப் பக்கம் அப்போது யாருடைய கட்டுப்பாட்டில் இருந்ததோ, அவர்கள் எங்கள் தொழிலை இணையத்தில் வளர்த்துத் தருவதாகச் சொல்லி எங்களிடம் 83,100 ரூபாய் வாங்கியவர்கள்.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது என்பதோடு, இதே முறையில் இயங்குகிறவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருக்கும்போது ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொண்டு யாருக்கும் பெரிய பயன் இல்லை. எப்படி ஏமாந்தோம் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

காங்கேயத்தை அடுத்த எங்கள் ஊரில் மரச்செக்கைத் தொடங்கியவர் என் மாமனார். இப்போது செக்கை என் கணவர் கவனித்துக்கொள்கிறார். கணக்கும் வாடிக்கையாளர்களும் என் பொறுப்பு. ஏழு ஆண்டுகளுக்கு முன் கூகுளில் கடையைப் பதிவு செய்ததும் நான்தான். அதற்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. வந்து வாங்கியவர்கள் தாமாகவே எழுதிய 186 மதிப்புரைகள் அதில் சேர்ந்திருந்தன. அக்கம்பக்கத்தில் மேலும் சில செக்குகள் வந்து விற்பனை மந்தமானபோதுதான் விளம்பரம் செய்யலாம் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது.

ஐப்பசியில் ஈரோட்டில் ஒரு கண்காட்சியில் நாங்கள் போட்டிருந்த கடைக்கு நல்ல பேச்சுத்திறமை உள்ள ஓர் இளைஞர் வந்தார். தன் கைப்பேசியில் “மரச்செக்கு எண்ணெய்” என்று தேடிக் காட்டி, “பாருங்க மேடம், உங்க பேரே வரல” என்றார். உண்மைதான், வரவில்லை. அவர் தேடியது ஈரோட்டில் நின்றுகொண்டு, எங்கள் செக்கு இருப்பதோ அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. அவருடைய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம். ஒரு மாதம் கழித்து அதே இளைஞர் எங்கள் செக்குத் திண்ணையில் உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே மீண்டும் தேடிக் காட்டினார். எங்கள் பெயர் முதலில் வந்தது. நானும் மகிழ்ந்துபோய் இரண்டாம் மாதத் தவணையை அப்போதே அனுப்பினேன்.

அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்துவதற்குக் கூகுள் தானே வெளியிட்டுள்ள விளக்கத்தில் மூன்று அளவுகோல்கள் சொல்லப்பட்டுள்ளன: தேடிய சொல்லுக்குக் கடை எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு பரவலாக அறியப்பட்டிருக்கிறது. பணம் கொடுத்து இந்த வரிசையில் மேலே வர முடியாது என்றும், தேடலில் முதலிடம் வாங்கித் தருவதாக எவரும் உத்தரவாதம் தர முடியாது என்றும் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் திண்ணையில் உட்கார்ந்து யார் தேடினாலும் எங்கள் செக்குத்தான் முதலில் வரும். அந்த வித்தைக்குத்தான் மாதம் 15,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

ஒப்பந்தப்படி ஆறு மாதம், மாதக் கட்டணம் 15,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,700 ரூபாய். முகநூல் விளம்பரத்துக்கென்று மாதம் 10,000 ரூபாய் தனி. மூன்று மாதங்களுக்கு இவ்வாறு கொடுத்தோம். விளம்பரத் தொகையை மட்டும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பாமல், வேறொரு பெண்ணின் பெயரில் இருந்த யுபிஐ முகவரிக்கு அனுப்பச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, முகநூலுக்குப் பணம் கட்டும் அட்டை அந்தக் கணக்கில் இருப்பதாகப் பதில் வந்தது. கொப்பரை வியாபாரியிடம் எடையில் நூறு கிராம் குறைந்தால் மல்லுக்கு நிற்கும் நான், இந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முதலில் சந்தேகம் எழுப்பியவர் எங்கள் ஆடிட்டர். இவர்கள் ரசீதில் வசூலித்திருந்த வரிக்கு நாங்கள் உள்ளீட்டு வரிச் சலுகை கோரலாம், அதாவது நாங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்பவர் தம் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அது, அப்படிக் கழிக்கக்கூடிய வரியைக் காட்டும் எங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி படிவத்தில் தோன்றும். இரண்டு மாதங்கள் ஆகியும் தோன்றவில்லை. ரசீதை எடுத்து வரச் சொன்னவர், அதிலிருந்த ஜிஎஸ்டி எண்ணின் ஒவ்வொரு எழுத்தின் மேலும் பேனா முனையை வைத்து எண்ணினார். 14 வந்தது. அந்த எண்ணில் 15 எழுத்துகள் இருக்க வேண்டும்: தமிழ்நாட்டைக் குறிக்கும் 33, அடுத்து பத்து எழுத்து பான் எண், பிறகு மூன்று. நிறுவனத்திடம் கேட்டபோது அச்சுப்பிழை என்று சொல்லி வேறோர் எண்ணை அனுப்பினார்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எண்ணை இட்டுச் சரிபார்க்கலாம், இட்டுப் பார்த்தோம். அது வேறொரு பெயரில் இருந்து, ரத்து செய்யப்பட்டுவிட்ட பதிவு. அப்படியானால் எங்களிடம் வரி என்று வாங்கிய 8,100 ரூபாய் வரியே இல்லை. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். முதல் ரசீது வந்த அன்றே செய்திருந்தால் மற்ற இரண்டு தவணைகள் மிச்சமாகியிருக்கும்.

அதன் பிறகுதான் அவர்கள் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். மாத அறிக்கையில் எங்கள் முகநூல் பக்கத்தை 11,000 பேர் பின்தொடர்வதாக இருந்தது. அவர்கள் எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்பதை முகநூலே பக்க உரிமையாளருக்குக் காட்டும். அதில் தமிழ்நாட்டு ஊர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் எங்கள் எண்ணெயை அனுப்பவே முடியாத நாடுகளில் இருந்தார்கள். விளம்பர நூலகம் என்ற பொதுப் பக்கம் ஒன்றை முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் வைத்திருக்கிறது. அதில் எந்தப் பக்கத்தின் பெயரை இட்டாலும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் தெரியும். எங்கள் பெயரை இட்டேன். ஒரு விளம்பரமும் இல்லை. கேட்டபோது, இன்று மாலை தொடங்கிவிடும் என்றார்கள். அடுத்த பத்து நாட்களும் தினம் பார்த்தேன், எந்த மாலையிலும் தொடங்கவில்லை. விளம்பரக் கணக்கு எங்கள் பெயரில் இருந்து எங்கள் அட்டையிலிருந்தே பணம் போயிருந்தால், எவ்வளவு, எந்த நாளில் செலவானது என்ற ரசீது எங்களுக்கே நேரடியாக வந்திருக்கும். நிறுவனத்துக்கு அதில் வேலை செய்யும் அனுமதியை மட்டும் கொடுக்க முடியும். கடவுச்சொல்லைக் கொடுக்கத் தேவையே இல்லை. கூகுள் விளம்பரத்திலும் இதே வசதி உண்டு. மற்றவர்களுக்காக விளம்பரம் நடத்துபவர்கள் செலவையும் சொடுக்குகளின் எண்ணிக்கையையும் மாதம் ஒருமுறையாவது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. இவற்றையெல்லாம் பணம் போன பிறகுதான் படித்தேன்.

மதிப்புரைகளிலும் கை வைத்திருந்தார்கள். இரண்டு வாரங்களுக்குள் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் நாற்பது வந்தன. அவற்றில் பல “சிறந்த சேவை, சிரித்த முகத்துடன் பழகும் ஊழியர்கள்” என்று ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில் இருந்தன. எங்கள் செக்கில் ஊழியர் என்று இருப்பவர் ஒரே ஒருவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. போலி மதிப்புரைகளைக் கூகுள் நீக்கியபோது, உண்மையான வாடிக்கையாளர்கள் எழுதியவற்றிலும் சில காணாமல் போயின. போனவை போனவைதான்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை நடுங்க வைத்தது எங்கள் பெயரில் வெளியிட்டிருந்த ஒரு படம். அதில் எங்கள் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில், “சர்க்கரை நோயை விரட்டும், தைராய்டைக் குணப்படுத்தும்” என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே எங்களுடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் அச்சிட்டிருந்தார்கள். எங்களிடம் எண்ணெய் வாங்கும் மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அழைத்து, “இதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால் என்னம்மா செய்வீர்கள்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் வெளியிடுபவருக்கும் அதில் பங்குடையவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 53ஆம் பிரிவு இடமளிக்கிறது. நான் எழுதவில்லை என்று சொல்லலாம். ஆனால் பெயரும் உரிம எண்ணும் எங்களுடையவை. நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்போம் என்பதுகூடத் தெரியாமல், “எதுவும் சேர்க்காத எண்ணெய்” என்று இன்னொரு படத்தில் எழுதியிருந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. வெளியிடும் ஒவ்வொரு வரியையும் எனக்குக் காட்டிய பின்பே வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நானும் எழுதச் சொல்லவில்லை.

அவர்கள் எங்களுக்குச் செய்து கொடுத்த இணையதளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. “எங்களைப் பற்றி” என்ற பகுதியில் பல் வலிக்கு எங்களை அணுகலாம் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதை மட்டும் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள்.

வாட்ஸ்அப் விஷயத்தில் என் கணவர் காப்பாற்றினார். எங்கள் எண்ணிலிருந்து ஒரே நேரத்தில் ஐயாயிரம் பேருக்குச் செய்தி அனுப்ப ஒரு மென்பொருள் இருப்பதாகவும், அதற்கு ஓடிபி வேண்டும் என்றும் கேட்டார்கள். ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் செய்தி அனுப்ப என் எண்ணைத் தர முடியாது என்று அவர் பிடிவாதமாக மறுத்துவிட்டார். அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தும் எண்களை வாட்ஸ்அப் முடக்கிவிடும். எங்கள் ஆர்டர்களில் பாதிக்கு மேல் அந்த எண்ணில்தான் வருகின்றன.

நான்காம் மாதத் தவணையைக் கொடுக்க மறுத்தேன். இரண்டு மாத நிலுவை என்று 35,400 ரூபாய் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அடுத்த வாரம்தான் திருப்பூர் வாடிக்கையாளரின் அழைப்பு. தொடக்கத்தில் “பக்கத்தைச் சரிசெய்ய” என்று அவர்கள் கேட்டபோது நான் என் ஜிமெயில் கணக்கின் ஓடிபியைச் சொல்லியிருந்தேன். அதைக் கொண்டு அவர்கள் தங்களை முதன்மை உரிமையாளராக ஆக்கிக்கொண்டு, பிறகு என் பெயரையே நீக்கியிருந்தார்கள். உரிமையைத் திரும்பக் கோரி கூகுளிடம் விண்ணப்பித்தேன். இப்போதைய உரிமையாளர் பதிலளிக்க மூன்று நாள் அவகாசம் உண்டு; அவர்கள் மறுத்தார்கள். மேல்முறையீடு செய்து, உணவு உரிமம், ஜிஎஸ்டி சான்றிதழ், கடைப் பலகையின் படம், செக்கு ஓடும் காணொளி எல்லாவற்றையும் அனுப்பிய பிறகு, ஐந்து வாரம் கழித்துப் பக்கம் திரும்பக் கிடைத்தது. அந்த ஐந்து வாரமும் கடை மூடிக்கிடப்பதாகவே உலகத்துக்குத் தெரிந்தது. எங்கள் தொழிலில் வெயில் காலத்துக்கு முந்தைய அந்த வாரங்களின் விற்பனை எவ்வளவு என்பது செக்கு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

காவல் நிலையத்தில், ஒப்பந்தம் இருப்பதால் இது சிவில் விவகாரம் என்று சொல்லிவிட்டார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசியபோதுதான் ஒரு வழி தெரிந்தது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கைக் கோரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. ரசீதுகள், யுபிஐ பதிவுகள், விளம்பர நூலகம் காலியாக இருந்ததை நாள் வாரியாக எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இணையதள முகவரி மட்டும் இன்றுவரை கைக்கு வரவில்லை. அதை அவர்கள் தங்கள் பெயரிலேயே பதிவு செய்திருந்தார்கள். நாங்களே வாங்கியிருந்தால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். இப்போது வேறொரு முகவரி வாங்கிவிட்டோம். ஆனால் பழைய முகவரியை அச்சிட்ட பாட்டில் லேபிள்கள் இன்னும் ஆறாயிரம் மீதம் இருக்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் மாமியாரும் உட்கார்ந்து, அந்த ஒரு வரியின் மேல் மட்டும் வெள்ளைத் தாள் துண்டு ஒட்டி மறைத்துக்கொண்டிருக்கிறோம்.