வயிற்றுக் கட்டிக்குள் பூஞ்சை: கத்தியா, மாத்திரையா?

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஒருவர் வலது அடிவயிற்றில் கட்டி, விடாத காய்ச்சல், எடைக்குறைவு என்று வந்து நின்றால், மருத்துவர் முதலில் குடல் காசநோயைச் சந்தேகிப்பார். அடுத்துப் புற்றுநோய், பிறகு குரோன் நோய் எனும் நாள்பட்ட குடல் அழற்சி. இந்த வரிசையில் தவறில்லை. ஆனால் மிக அரிதாக, குடல் சுவருக்குள் புகுந்த பூஞ்சையும் இதே வேடத்தில் வரும். அப்படிப்பட்ட பூஞ்சைகளில் மியூகார், பேசிடியோபோலஸ் ரானாரம் என்ற இரண்டை இங்கே எதிரெதிரே நிறுத்துகிறேன். ஒன்றை அடக்கும் மருந்து மற்றொன்றிடம் பலிக்காமல் போகலாம் என்பதே காரணம்.

மியூகாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் 'கறுப்புப் பூஞ்சை' என்று வீடுதோறும் அஞ்சப்பட்டது அதுதான். அன்று மூக்கையும் கண்ணையும் பற்றியே பேசினோம்; இரைப்பையையும் பெருங்குடலையும்கூட அது தாக்கும். கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், உறுப்பு மாற்று, ஸ்டீராய்டு, குறைப்பிரசவம் என எதிர்ப்பாற்றல் தளர்ந்த உடலே அதற்கு வாசல்.

பேசிடியோபோலஸ் ரானாரம் வேறு ரகம். 1886-இல் தவளையை ஆராய்ந்தபோது விவரிக்கப்பட்ட பூஞ்சை. தவளை, பல்லி, ஓணான் போன்றவற்றின் குடலில் வாழ்ந்து எச்சத்தோடு மண்ணில் சேரும். நல்ல உடல்நலத்தோடு இருப்பவரையும், சிறுவர்களையும் அது பிடிக்கும். (வாய்க்கால் தவளையைக் கண்டு யாரும் ஓட வேண்டாம், நோய் அவ்வளவு அரிது.) தென்னிந்தியாவில் இது பெரும்பாலும் குழந்தைகளின் தொடையிலும் பிட்டத்திலும் கெட்டியான வீக்கமாகவே தென்படுகிறது. குடலைத் தாக்கியவை சவூதி அரேபியாவின் அசீர் பகுதி, ஈரான், அமெரிக்காவின் அரிசோனா ஆகிய இடங்களிலிருந்து அதிகம் பதிவாகியுள்ளன. டெல்டாவில் வளைகுடாவுக்குப் போய்வராத தெரு குறைவு. அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர் அதை மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது.

வேகத்தில் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. மியூகார் இரத்தக் குழாய்க்குள் நுழைந்து அதை அடைத்துவிடும். சில நாட்களிலேயே திசு செத்துக் கறுத்து, குடல் ஓட்டையாகலாம். பேசிடியோபோலஸ் பொதுவாகக் குழாயைத் தொடாமல், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கட்டியாகத் தடிக்கும்.

நுண்ணோக்கியில்தான் குழப்பம். இரண்டுமே அகன்ற, தடுப்புச் சுவர் குறைந்த இழைகள். பேசிடியோபோலஸ் இழையைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை ஒன்று தெரியும். அக்கம்பக்கம் ஈசினோஃபில் எனும் ஒருவகை வெள்ளை அணுக்கள் குவிந்திருக்கும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலும் ஈசினோஃபில் பெரும்பாலும் ஏறியிருக்கும். நம் ஊரில் அதைப் பூச்சித் தொல்லை என்று சொல்லி, பூச்சி மாத்திரை கொடுத்து முடித்துவிடுவதுண்டு. வயிற்றில் கட்டியும் இருந்தால் அத்தோடு நிறுத்தக்கூடாது. குரோன் என்று முடிவுகட்டி ஸ்டீராய்டு தொடங்குவது அதைவிட ஆபத்து.

சிகிச்சைக்கு வருவோம். மியூகாருக்கு லைப்போசோமல் ஆம்போடெரிசின் எனும் பூஞ்சைக்கொல்லி ஊசி, கூடவே செத்த பகுதியைச் சீக்கிரம் வெட்டியெடுத்தல். இங்கே கத்தியைத் தள்ளிப்போடுவது தவறு. ஊசியின் விலை அதிகம், சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் கண்காணிக்க வேண்டும். வோரிகோனசோல் எனும் இன்னொரு பூஞ்சை மருந்து மியூகாரிடம் எடுபடாது. பேசிடியோபோலஸில் நிலைமை தலைகீழ்: ஆம்போடெரிசினை நம்ப முடியாது; இட்ராகோனசோலும் வோரிகோனசோலும் வேலை செய்யும். குடல் அடைப்போ ஓட்டையோ இல்லையென்றால் மாத்திரையில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. நடைமுறையில் பலருக்குப் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை நடந்த பிறகே பூஞ்சை தெரியவருகிறது. அவர்களுக்கும் மாதக்கணக்கில் மாத்திரை தேவை. இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது. இதயம் பலவீனமானவர்களும் சில கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எந்தப் பூஞ்சை என்று உறுதிசெய்ய, சதைத் துணுக்கில் ஒரு பகுதி ஃபார்மலினில் போகட்டும். மற்றொரு பகுதி பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்காக உப்பு நீரில் (சலைன்) போக வேண்டும். திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பும்போது அந்த இரண்டாவது குப்பியை ஐஸில் வைக்கக்கூடாது. பேசிடியோபோலஸ் குளிரில் செத்துவிடும்.