முன்பல் இம்ப்ளான்ட்: பல்லைவிட ஈறைப் பாருங்கள்

மேல் வரிசையின் நடுவில் இருக்கும் இரண்டு பெரிய பற்களில் வலது பக்கத்துப் பல் எனக்கு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் டைட்டானியம் திருகு இறக்கி, அதன்மேல் பல் வடிவ கேப் மாட்டியது. பைக் விபத்தில் வேர் உடைந்ததால் எடுக்க வேண்டியதாயிற்று. போட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தெரிந்தவர்களில் யாருக்காவது முன்பல் போனால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கலர் மேட்ச் ஆகுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கலர் சரியில்லை என்றால் கேப்பைக் கழற்றிவிட்டு லேபில் வேறொன்று செய்துகொள்ளலாம். ஈறு மேலே ஏறிவிட்டால் அப்படி மாற்ற முடியாது. அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. பல நேரம் முழுதாக வருவதும் இல்லை.

டாக்டர்களும் இதை அளந்துதான் பார்க்கிறார்கள். 2005-இல் 'பிங்க் எஸ்தெடிக் ஸ்கோர்' என்று ஒரு மதிப்பெண் முறை வந்தது. இம்ப்ளான்ட்டின் இரண்டு பக்கமும் பல்லிடுக்கில் கூம்பாக நிற்கும் ஈறு, ஈறு நிற்கும் உயரம், அதன் வளைவு, உள்ளே எலும்பு தரும் மேடு, ஈறின் நிறம், அதன் மேற்பரப்பு என ஏழு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 14. கேப்பின் வடிவம், நிறம், மேற்பரப்பு போன்றவற்றுக்குத் தனி மதிப்பெண் பிறகு 2009-இல்தான் வந்தது. ஈறுக்கு முதலில் மதிப்பெண் போட்டார்கள் என்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

என் பல்லில் குறை எங்கே என்றால், பக்கத்துச் சிறிய பல்லுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் நடுவில். அங்கே ஈறுக் கூம்பு முழுதாக நிரம்பவில்லை. கேப் போட்ட புதிதில் ஒரு சின்னக் கறுப்பு முக்கோணம் நன்றாகவே தெரிந்தது. வருடம் போகப் போக ஈறு கொஞ்சம் இறங்கி வந்து பெரும்பகுதியை மூடிவிட்டது, ஆனாலும் முழுதாக இல்லை. இதற்குக் காரணம் எலும்பு. இயற்கைப் பற்களை வைத்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வு இன்றும் எல்லோரும் சொல்வது: இரண்டு பற்களும் தொடும் இடத்திலிருந்து எலும்பின் விளிம்பு வரை 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் இடுக்கு ஏறக்குறைய எப்போதும் ஈறால் நிரம்பும். 6 மி.மீ. என்றால் பாதிக்குச் சற்று மேல். 7 மி.மீ. என்றால் கால்வாசிதான். அதனால் கறுப்பு முக்கோணம் வருமா என்பதைப் போடுவதற்கு முன்பே எக்ஸ்ரேயைப் பார்த்து ஓரளவு சொல்லிவிட முடியும். கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது ஈறின் நிறம். ஈறு மெலிதாக இருப்பவர்களுக்கு உள்ளே இருக்கும் டைட்டானியம் சாம்பல் நிழலாக வெளியே தெரியும். பன்றித் தாடையில் நடந்த ஒரு சோதனையில் ஈறு 3 மி.மீ. தடிப்பாக இருந்தபோது உள்ளே என்ன வைத்தாலும் கண்ணுக்கு நிற மாற்றம் தெரியவில்லை. 2 மி.மீ.-இல் டைட்டானியம் தெரிந்தது, வெள்ளைப் பீங்கான் வகையான ஜிர்கோனியா தெரியவில்லை. எனக்கு மெல்லிய ஈறுதான். அண்ணத்திலிருந்து சதை எடுத்து முன்பக்கம் வைத்துத் தைத்தார்கள். திருகுக்கும் கேப்புக்கும் நடுவில் வரும் துண்டையும் ஜிர்கோனியாவில் போட்டார்கள். உண்மையைச் சொன்னால், திருகு இறக்கியதைவிட அந்த அண்ணத்துப் புண்தான் வலித்தது. சாம்பார் சாதம்கூட எரிந்தது. ஆனால் இன்றைக்கும் அந்த ஈறு பக்கத்து ஈறைப் போலவே இளஞ்சிவப்பாக இருக்கிறது. இவ்வளவு தூரம் வேண்டுமா என்று யாராவது தயங்கினால், சிரிக்கும்போது ஈறு தெரிகிறவராக இருந்தால் வேண்டும் என்றே சொல்வேன். உதடு ஈறை மூடிவிடுகிறவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லாமலும் போகலாம்.

தற்காலிக கேப் போட்டுச் சில மாதம் வைத்திருப்பதை அவசரப்படுத்தாதீர்கள். அந்த கேப்பின் கழுத்துப் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித்தான் ஈறுக்கு வளைவு கொடுக்கிறார்கள்.

கலருக்கு வருகிறேன். ஷேடு பார்ப்பதை அன்றைய வேலைக்கு முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். வாயைத் திறந்தபடியே இருந்தால் பல் காய்ந்து வெளுத்துத் தெரியும். ட்யூப்லைட்டில் பொருந்துவது பகல் வெளிச்சத்தில் பொருந்தாமல் போகலாம். நான் லேப் டெக்னீஷியனை நேரில் பார்த்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காட்டினேன், நல்ல பலன். விளிம்பில் லேசான கண்ணாடித்தன்மை, மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் எல்லாம் அவர் கண்ணால் பார்த்துச் செய்தவை. பல்லை வெளுப்பாக்கும் எண்ணம் இருந்தால் கேப்புக்கு முன்பே செய்துகொள்ளுங்கள். பின்னால் செய்தால் கேப் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும்.

பல வருடம் கழித்துத்தான் தெரியும் விஷயம் இன்னொன்று. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு நார்ச்சவ்வு உண்டு. இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது, நேராக எலும்போடு ஒட்டிவிடுகிறது. பெரியவர்களுக்கும் பற்கள் மிக மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். இம்ப்ளான்ட் அப்படியே நிற்கும். என் கேப்பின் விளிம்பு இப்போது பக்கத்துப் பல்லைவிட ஒரு நூல் மேலே இருக்கிறது. பக்கத்துப் பல் டீயும் வயதும் சேர்ந்து சற்று மஞ்சளாகியிருக்கிறது, கேப் மாறவில்லை. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட் போடாமல் தள்ளிவைப்பதும் இதே காரணத்தால்தான்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது போட்ட அன்று எடுத்த படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாலைந்து வருடம் ஆன முன்பற்களின் படம், ஈறு தெரிகிற மாதிரி எடுத்தது, இருக்கிறதா என்று கேளுங்கள். நான் வருடா வருடம் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைக்கிறேன். ஈறு உயரம் கடைசி சில படங்களில் மாறவே இல்லை. கேப்பை மட்டும் கொஞ்சம் நீளமாக, சற்று மஞ்சளாக மாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எதிரே உட்கார்ந்து பேசுகிற யாருக்கும் வித்தியாசம் தெரியாததால் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.