வர்க்கலைக் கடற்கரையிலிருந்து போடிமெட்டு வரை: வாடகை கேம்பர் வேன் எப்படி இருந்தது

கொச்சியில் இயங்கும் சிறிய வாடகை நிறுவனம் ஒன்றிடமிருந்து இருவர் தங்கும் கேம்பர் வேனை எடுத்துக்கொண்டு, நானும் என் கணவரும் மாராரிக்குளம், கொல்லம், வர்க்கலை எனக் கடலோரமாகத் தெற்கே இறங்கினோம். பின்னர் கொல்லத்துக்குத் திரும்பி, புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்குள் நுழைந்து, தேனியைத் தாண்டிப் போடிமெட்டில் மறுபடியும் மலையேறி, மூணாறு, நேரியமங்கலம் வழியாகக் கொச்சிக்குத் திரும்பினோம். இந்த வேன் மலைக்கு மிகவும் பொருத்தமானது, கடற்கரை இரவுகளுக்குப் பொருந்தாதது என்பதே என் தீர்மானமான கருத்து.

டெம்போ டிராவலர் வகை டீசல் வண்டியைத்தான் மாற்றியமைத்திருக்கிறார்கள். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். மடக்கும் படுக்கை, கேஸ் அடுப்பு, சிறிய ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, கழற்றி எடுக்கும் கழிப்பறைப் பெட்டி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. வண்டியை ஒப்படைத்த இளைஞர் அவசரப்படாமல் ஒவ்வொரு ஸ்விட்சையும் இயக்கிக் காட்டினார். "சேச்சி, இறக்கத்துல பிரேக்கை மிதிச்சிட்டே போகாதீங்க, செகண்ட் கியர்லயே விடுங்க" என்று தமிழில் அவர் சொன்ன அறிவுரை போடிமெட்டு இறக்கத்துக்கு மட்டுமன்றி, அடிமாலியிலிருந்து நேரியமங்கலம் வரையிலான நெடிய இறக்கத்துக்கும் முழுக்கப் பொருந்தும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும்; இவ்வளவு எடை கொண்ட வண்டியில் அது விரைவாகவே நேரும்.

கடற்கரையில்தான் சிக்கல் தொடங்கியது. வேனின் ஏசி வெளி மின்சாரத்தில் மட்டுமே ஓடும். பேட்டரி விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றைத்தான் தாங்கும். வர்க்கலையில் நாங்கள் நிறுத்திய ஹோம்ஸ்டே முற்றத்தில் இருந்ததோ சாதாரணச் சிறிய பிளக் பாயின்ட். வேனின் கம்பியில் இருந்ததோ பதினாறு ஆம்பியர் பெரிய பிளக். ஆகவே ஏசி ஓடவில்லை. பொழுது சாய்ந்ததும் கடற்காற்றும் அடங்கிவிட, பகல் முழுவதும் வெயிலில் நின்ற தகரக்கூரை நள்ளிரவு வரை அனலை இறக்கிக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்து வைக்கலாமென்றால் கொசு. வலை அடித்திருந்தது ஒரே ஒரு ஜன்னலில். இத்தனை பணம் வாங்கும் நிறுவனம் மற்ற ஜன்னல்களுக்கும் வலை அடிக்காதது எனக்கு வருத்தமே. 2021இல் கேரள அரசு அறிவித்த கேரவன் சுற்றுலாக் கொள்கை, மின்சாரமும் தண்ணீரும் கழிவகற்றும் வசதியும் உள்ள கேரவன் பூங்காக்களைத்தான் முன்வைக்கிறது. அத்தகைய இடத்தில் நிறுத்தினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

கொல்லத்திலிருந்து கிழக்கே திரும்பியதும் எல்லாம் மாறியது. புனலூரில் 1877இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்குபாலத்தை நடந்தே கடந்தோம். கழுதுருட்டியில் சாலையை ஒட்டியே எழுந்து நிற்கும் பதின்மூன்று கண் ரயில் பாலத்தின் அருகில் வண்டியை ஓரங்கட்டி, உள்ளேயே தேநீர் போட்டுக் குடித்தோம். இத்தகைய வண்டியின் அருமை அந்த இடத்தில்தான் புரிகிறது. தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டை நிறுவனமே முன்கூட்டி எடுத்து, மற்ற ஆவணங்களோடு ஒரே உறையில் வைத்திருந்ததால், எல்லையில் எங்களுக்குத் தாமதமே இல்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த செங்கோட்டையில், கடைக்காரர்கள் வண்டியின் பதிவெண்ணைப் பார்த்து மலையாளத்தில் தொடங்கி, எங்கள் பதிலைக் கேட்டுத் தமிழுக்கு மாறியது மனத்துக்கு இதமாக இருந்தது.

போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் வேன் திணறவில்லை. நீளமான வண்டி என்பதால் வளைவை அகலமாக எடுக்க வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலோர் மதித்தார்கள். ஏற்றத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதால் பேட்டரி நிரம்பிவிடுகிறது; மேலே குளிர் என்பதால் ஏசியும் தேவையில்லை, ஃபிரிட்ஜுக்கும் வேலை குறைவு. தேவிகுளம் வட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் அந்தக் குளிரை நான் அறிவேன். பூப்பாறையில் ஏலத் தோட்டம் ஒன்றின் வாசலில் அனுமதி கேட்டு நிறுத்திய இரவில் வேனுக்குள் ஒரு போர்வையே போதுமானதாக இருந்தது. இருவர் மூச்சுக்காற்றில் கண்ணாடி வியர்ப்பதைத் தடுக்க, கூரைத் திறப்பை விரலளவு திறந்து வைத்தால் போதும். மேலே தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகிறது. நிறுவனம் குக்கர் தருவதில்லை, வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

நிறுவனம் உடனே திருத்த வேண்டிய குறை ஒன்று உண்டு. கழிப்பறைப் பெட்டியை எங்கே காலி செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஓடையோரத்திலோ தோட்டத்திலோ கொட்டுவதை நினைத்தும் பார்க்கக்கூடாது. அந்த ஓடைகளைத்தான் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழும் எங்கள் மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் பெட்ரோல் பங்க் கழிப்பறைகளில் அனுமதி கேட்டுக் காலி செய்தோம். இந்த வழியில் அனுமதியோடு காலி செய்யக்கூடிய இடங்களைக் குறித்த ஒரு தாளை அந்த ஆவண உறைக்குள்ளேயே வைத்துக் கொடுப்பது அவர்களுக்குக் கடினமான வேலை அல்ல.