பூங்காப் பணிமனைக்கு இடம்: முடிவு செய்துவிட்டுக் கேட்பதா, கேட்டுவிட்டு முடிவு செய்வதா?

காலை ஆறரை மணிக்கு வடசென்னையில் வியாசர்பாடி, எம்.கே.பி. நகர்ப் பக்கம் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் துடைப்பமும் கையுமாக இரண்டு பெண்கள் இருப்பார்கள். தூங்குமூஞ்சி மரத்துச் சருகைப் பெருக்கி, சாக்கில் அமுக்கி, சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். அதை அள்ள வண்டி என்றைக்கு வரும் என்பது அவர்களுக்கே தெரியாது. சேலை மாற்ற மோட்டார் ரூம், சாப்பிட மரத்தடி. எங்கள் பூங்காவில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்ட ஒரு நாள், "மெஷின் என்னாச்சுக்கா?" என்று பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். "ரிப்பேருக்கு எடுத்துனு போனாங்கப்பா. எங்க வெச்சிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

இதற்கெல்லாம் ஓர் இடம் வேண்டும். தண்ணீர் லாரி, டிராக்டர், ரம்பம், கிளையை அரைக்கும் மெஷின், நாற்றங்கால், பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க ஓர் அறை, மெக்கானிக் ஷெட், ஆட்களுக்கு ஓய்வறை. ஆபீஸ் பாஷையில் பராமரிப்புப் பணிமனை, நம் வாயில் டெப்போ அல்லது யார்டு. சென்னை மாநகராட்சி வசம் எழுநூறுக்கு மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, வெட்டிய கிளைகள் நாள்கணக்கில் தெருவோரம் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

வடசென்னையில் அப்படி ஒரு பணிமனைக்கு இடம் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மக்களை எந்தக் கட்டத்தில், எப்படிக் கேட்பது? நடைமுறையில் மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, இடத்தை முடிவு செய்து அறிவித்து ஆட்சேபணை கேட்பது. இரண்டு, போனில் படிவம் அனுப்பி ஓட்டு வாங்குவது. மூன்று, இடம் தேடத் தொடங்கும் முன்பே பகுதி சபையில், அதாவது வார்டு ஜனங்கள் கூடும் கூட்டத்தில், உட்கார்ந்து பேசுவது.

ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்து ஜனங்கள் எதைக் கேட்டாலும் முதலில் "வேண்டாம்" என்பார்கள் என்று ஒரு குறை உண்டு. அந்த "வேண்டாம்" சும்மா வரவில்லை. கொடுங்கையூரில் குப்பை மலையானது எங்கள் கண்ணெதிரே. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2025-ல் கொடுங்கையூரில் குப்பையை எரிக்கும் உலைத் திட்டத்தை எதிர்த்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். "லாரி வந்து போகும் இடம்" என்று யாராவது வாயெடுத்தால், கேட்பவர் மனதில் இத்தனையும் வந்து நிற்கும்.

முதல் வழியின் பலம் வேகம். நிலம் யார் பெயரில் இருக்கிறது, வழக்கு உண்டா, தண்ணீர் இணைப்பு கிடைக்குமா என்பதெல்லாம் அதிகாரிகளுக்குத் தெரியும்; நமக்குத் தெரியாது. ஒரு தீர்மானம், ஒரு டெண்டர், வேலை தொடங்கிவிடும். பூங்காப் பணிமனைக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரிய திட்டங்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இவ்வளவு சிறிய வேலைக்குப் பொருந்தாது. ஆனால் ஜேசிபி வந்து நின்ற பிறகு கேட்டால், மக்கள் கையில் மிஞ்சுவது இரண்டே சொற்கள்தான்: சரி, வேண்டாம். மேலே சொன்ன வரலாற்றுக்குப் பிறகு எதைச் சொல்வார்கள்? சாலை மறியல், கோர்ட்டு, தடை. மிச்சப்படுத்திய மாதங்களெல்லாம் அங்கே போய்விடும்.

இரண்டாவது வழியை நான் நம்பவில்லை. ஓய்வாக இருப்பவரும் போனில் பழகியவரும் பதில் போடுவார்கள். மீன் ஏலத்துக்கு விடியுமுன் காசிமேடு கிளம்புகிற பெண்ணிடம் அந்தப் படிவம் போய்ச் சேராது. அதைவிடப் பெரிய குறை, எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை என்பது. பணிமனைச் சுவரை ஒட்டிக் குடியிருக்கும் நாலு வீடும், அரை மைல் தள்ளியிருக்கும் நானூறு வீடும் ஒரே கணக்கில் வந்தால், நானூறுதான் ஜெயிக்கும். சத்தமும் புகையும் நாலுக்கு.

மூன்றாவது வழிக்குத்தான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

பகுதி சபை புதிதாக நாம் கேட்கும் சலுகை அல்ல. தமிழ்நாட்டில் 2022-ல் விதிகள் வந்து, அதே ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்களும் நடந்தன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் ஜனங்கள் கூடிப் பேசும் ஏற்பாடு அது. அங்கே வரைபடத்தை விரித்து "இந்த இடம் எப்படி?" என்று தொடங்கக் கூடாது. "இப்படி ஒரு பணிமனை வேண்டும்; உங்கள் பக்கத்தில் வந்தால் என்ன இருக்கக் கூடாது, என்ன இருந்தால் பரவாயில்லை?" என்று தொடங்க வேண்டும். முதல் கூட்டத்தில் நிபந்தனைகள் மட்டும்; இடத்தின் பெயரே வரக் கூடாது.

இதில் என்ன வித்தியாசம் என்பதற்கு, எல்லோர் மனதிலும் தோன்றக்கூடிய இடங்களையே எடுத்துப் பார்க்கலாம்.

பெரிய பூங்கா ஒன்றின் மூலை. பைலில் பார்த்தால் இதுதான் சுலபம். நிலம் கையில் இருக்கிறது, செலவில்லை. ஆனால் பூங்கா நிலத்தை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது என்பதற்காகவே 1959-ல் பூங்கா, விளையாட்டுத்திடல், திறந்தவெளிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த கதையும் நமக்குத் தெரியும்: மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக அந்த நிலத்தில் எழுந்தன. துடைப்பமும் மண்வெட்டியும் வைக்க ஒரு சிறு அறை சரி. லாரி நிற்க இடம் கொடுத்தால் பூங்கா திரும்பி வராது.

கொடுங்கையூர்க் குப்பைக்கிடங்கு ஓரம். "ஏற்கெனவே அழுக்கான இடம்தானே" என்பது வாதம். சுமந்தவன் தலையிலேயே இன்னொரு மூட்டையா? இதை எந்தக் கூட்டத்திலும் எதிர்ப்பேன்.

கேப்டன் காட்டன் கால்வாய் ஓரமோ ரயில்வே சுரங்கப்பாதைக்கு அருகிலோ காலியாகத் தெரியும் நிலம். வரைபடத்தில் அழகாக இருக்கும். வெள்ளம் எதுவரை ஏறும் என்று அங்கே குடியிருப்பவர் சுவரில் படிந்த கோட்டைக் காட்டிச் சொல்வார். பூச்சிமருந்து அறைக்குள் தண்ணீர் புகுந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகும். பெருமழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடிவிட்டால், மரம் விழுந்த அந்த நேரத்தில்தான் லாரி வெளியே வர முடியாமல் நிற்கும். இதைச் சொல்லப் பொறியாளர் வேண்டாம், இருபது வருடம் அந்தத் தெருவில் இருந்தவர் போதும்.

மணலிப் பக்கம் தொழிற்சாலைப் பகுதி. அரைக்கும் மெஷின் சத்தத்துக்கு இதுதான் பொருத்தம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், தொழிற்பகுதியில் 75. ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் ராயபுரம் பூங்காவுக்குத் தண்ணீர் வண்டி மதியம்தான் வந்து சேரும்.

நாலில் ஒன்றும் முழுதாகத் தேறவில்லை. முடிவு செய்துவிட்டுக் கேட்கும் முறையில், தேறாத ஒன்றை நம்மேல் திணிப்பார்கள், அல்லது நாம் விரட்டிவிடுவோம். நிபந்தனையிலிருந்து தொடங்கினால் பணிமனையின் வடிவமே மாறும். எல்லாம் ஒரே சுவருக்குள் இருந்தாக வேண்டுமா? சருகை லாரியில் ஏற்றவே வேண்டாம். பூங்காக் கழிவைத் தனியாகச் சேர்த்து, முடிந்தவரை பூங்காவிலேயே உரமாக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. சருகைக் கிளறிவிட்டு ஈரம் காத்தால் நாற்றம் வராது. மெக்கானிக் ஷெட்டும் அரைக்கும் மெஷினும் தொழிற்பகுதிக்குப் போகட்டும். தண்ணீர் வண்டிகள் இரண்டு மூன்று இடங்களில் பிரிந்து நிற்கட்டும். நாற்றங்காலை யார் வீட்டுப் பக்கத்தில் வைத்தாலும் சண்டை வராது. பலர் கேட்டே வாங்குவார்கள். இடத்தை மட்டும் கேட்கிறவர்களுக்கு இப்படி ஒரு பதில் கிடைக்கவே கிடைக்காது.

நிபந்தனைகள் எழுதியான பிறகு, அவற்றுக்குப் பொருந்தும் இடங்களைத் துறை பட்டியலிடட்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து நேரில் நடந்து பார்க்க வேண்டும். ஒரு முறை காலை ஆறு மணிக்கு, ஒரு முறை இரவு பத்துக்கு. வண்டி எந்தத் தெரு வழியாக வரும், கேட் எந்தப் பக்கம், மெஷின் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். சுவரை ஒட்டிய வீட்டுக்காரர் ஒருவர் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. முன் நாற்காலிகளைக் கட்சிக்காரர்கள் நிரப்பிவிட்டால் பின்னால் நிற்கும் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் "நமக்கென்ன" என்று வராமல் போவார்கள். பணிமனை ஒரு வார்டில், பயன் பதினைந்து வார்டுக்கு என்பதால், ஒவ்வொரு வார்டும் அடுத்த வார்டைக் கைகாட்டும். அதனால் பயன்பெறும் வார்டுகளின் ஆட்கள் சேர்ந்து உட்காரும் கூட்டம் ஒன்றாவது நடக்க வேண்டும். சுமக்கப்போகும் வார்டு அங்கே தன் பங்கைக் கேட்டு வாங்கலாம்: புதிய விளையாட்டுத்திடலோ, உடைந்த நடைபாதைக்குச் சீரமைப்போ.

பூங்காவில் வேலை செய்கிறவர்களை எந்த வழியிலும் யாரும் கேட்பதில்லை. அவர்கள் குடியிருப்பாளர் பட்டியலில் வர மாட்டார்கள், அதிகாரியும் அல்ல; பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். எங்கள் பூங்கா அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், ஒரு டெப்போ வந்தால் எங்கே வரணும் என்று. "எங்க வேணா வரட்டும்பா. பாத்ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கணும், பஸ் ஸ்டாப்புலேர்ந்து நடக்குற தூரமா இருக்கணும்" என்றார். முதல் கூட்டத்து நிபந்தனைத் தாளில் முதல் இரண்டு வரிகளாக இவை வர வேண்டும் என்பது என் விருப்பம்.

தாமதமாகும் என்பது நியாயமான ஆட்சேபணைதான். நிபந்தனைக்கு ஒரு கூட்டம், வார்டுகள் சேர்ந்து ஒன்று, நேரில் பார்க்க இரண்டு நடை, கடைசியாக ஒரு தீர்மானம். தை மாதத்தில் முதல் கூட்டம் போட்டால் சித்திரைக்குள் இடம் முடிவாகிவிடும். ஐப்பசி மழைக்கு முன் கிளைகளைக் கழிக்கும் வேலைக்கு, ஒரு தகரக் கொட்டகையும் பூட்டுப் போட்ட அறையுமாவது எழுந்திருக்கும்.