வார்னிங் வந்தால் அழிப்பதா, அடக்குவதா?

பயனருக்குப் போகும் ரிலீஸ் பில்டு ஓட்டினால் திரை முழுக்க 'அன்யூஸ்டு வேரியபிள்', அதாவது அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத வேரியபிள் என்ற கம்பைலர் வார்னிங். சி++ எழுதுகிறவர்களுக்குப் பழகிய காட்சிதான். கை முதலில் டெலிட்டுக்குத்தான் போகும். பெரும்பாலும் அதுவே சரி. யாரும் கூப்பிடாத ஃபங்ஷனைக் கமென்ட்டாக்கிப் பத்திரப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. பழசு வேண்டுமென்றால் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் (Git) இருக்கிறதே.

வில்லங்கம் வேறு இடத்தில். கோப்பில் எழுதும் ஃபங்ஷன் திருப்பித் தரும் எண்ணை 'ஆர்சி' என்ற வேரியபிளில் வாங்கி, அடுத்த வரியில் அசெர்ட் (நிபந்தனை பொய்த்தால் புரோகிராமை நிறுத்தும் சோதனை) வைத்துச் சரிபார்க்கிறோம். பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் சத்தமே இருக்காது. ரிலீஸில் என்டீபக் மேக்ரோ அசெர்ட்டை விழுங்கிவிட, ஆர்சி அநாதையாகிவிடும், ஜிசிசி கம்பைலர் முணுமுணுக்கும். நான் முன்பு இருந்த டீமில் ஒருவர் இரண்டு வரியையும் சேர்த்தே தூக்கினார். வார்னிங் போனது, எழுதும் வேலையும் போனது.

இதைவிடப் பெரிய கூத்து 2006-இல் டெபியன் லினக்ஸில் நடந்தது. தொடக்க மதிப்பில்லாத நினைவகம் என்று நினைவகப் பிழை தேடும் கருவியான வால்கிரைண்ட் கத்தியதால் குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு வரிகளை நீக்கினார்கள். அதில் ஒன்றுதான் ரேண்டம் எண்ணுக்கு விதை ஊட்டிய வரி. மிஞ்சிய விதை பிராசஸ் ஐடி மட்டும், அதாவது 32,768-க்குள் ஒரு எண், எளிதில் ஊகித்துவிடலாம். 2008 மே மாதம் விஷயம் வெளியே வந்தபோது சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளை மாற்ற ஊரே ஓடியது.

அழிக்க முடியாத இடத்தில், வேரியபிளை வாய்டு வகைக்கு மாற்றி 'இது வேண்டாம்' என்று காட்டும் வாய்டு காஸ்ட் பழைய கை. எந்தக் கம்பைலரிலும் செல்லும், சி-யிலும் செல்லும். ஆனால் பிறகு அந்த வேரியபிள் பயன்பாட்டுக்கு வந்தாலும் அந்த வரி அங்கேயே கிடக்கும். விடையைக் கவனித்தே ஆக வேண்டும் என்று 'வார்ன் அன்யூஸ்டு ரிசல்ட்' ஆட்ரிபியூட்டால் குறித்த ஃபங்ஷனை அப்படி வாய்டாக்கினால் கிளாங் கம்பைலர் சும்மா விடும், ஜிசிசி விடாது. என் ஓட்டு சி++17 கொண்டுவந்த 'மேபி அன்யூஸ்டு' ஆட்ரிபியூட்டுக்கு. அறிவிக்கும் இடத்திலேயே நோக்கத்தைச் சொல்லிவிடும், சி23-லும் வந்துவிட்டது. ஆர்சி விஷயத்தில் மட்டும் இரண்டும் வேண்டாம். எழுத முடியாமல் போனதை ரிலீஸிலும் கவனிக்க வேண்டுமே. அசெர்ட் இருந்த இடத்தில் ஒரு இஃப் போடுங்கள்.

கம்பைலர் ஃபிளாக் போட்டு வார்னிங்கை மொத்தமாக அணைப்பதை நான் சேர்க்கவே மாட்டேன். மெம்பருக்கு மதிப்பு வைக்கும் செட்டர் ஃபங்ஷனுக்கு வந்த பாராமீட்டரை விட்டுவிட்டு மெம்பரை மெம்பருக்கே அசைன் செய்த பிழையை எனக்குக் காட்டிக்கொடுத்தது 'அன்யூஸ்டு பாராமீட்டர்'தான். அது வெறும் வால் (-Wall) ஃபிளாக்கில் வராது, எக்ஸ்ட்ராவும் (-Wextra) வேண்டும். பிறர் எழுதிய ஹெடர்கள்தான் தொல்லை என்றால் ஐசிஸ்டம் (-isystem) ஃபிளாக் வழியாகச் சேர்த்தால் போதும், ஜிசிசி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.