கொட்டேஷன்ல பார்ட் நம்பர் இல்லேன்னா அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க

பாளையங்கோட்டையில ஒரு மொத்த மருந்துக் கடையில கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் என் தலையில. தென்காசி, அம்பை, வள்ளியூர் வரைக்கும் இங்கிருந்துதான் சரக்கு போகுது. பன்னிரண்டு வருஷத்துப் பில், பேட்ச் நம்பர், காலாவதி தேதின்னு டேட்டாபேஸ் 700 ஜிபியைத் தாண்டிடுச்சு. பழைய சர்வர் திணறுதேன்னு ஆடி மாசம் புதுசு வாங்கினோம். வாங்கித் தந்தவர் உள்ளூர் டீலர். பேர் வேண்டாம்.

கொட்டேஷன்ல ஒரே வரிதான்: ‘2 டிபி எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டி, 4 எண்ணம், ரெய்டு 5’. (ரெய்டு 5ன்னா நாலு டிஸ்க்கையும் ஒண்ணாச் சேர்த்து, ஒண்ணு கெட்டாலும் டேட்டா தப்பிக்கிற மாதிரி அமைக்கிறது.) மாடல் இல்ல, எந்த டிஸ்க்குன்னு துல்லியமா காட்டுற கம்பெனி பார்ட் நம்பரும் இல்ல. எண்டர்பிரைஸ், அதாவது சர்வருக்குன்னே செய்யுற சாட்டா டிஸ்க் பெரும்பாலும் 960 ஜிபி, 1.92 டிபி, 3.84 டிபின்னுதான் வரும். ரவுண்டா 2 டிபின்னு பார்த்தப்பவே நான் முழிச்சிருக்கணும்.

சர்வரை இறக்கின அன்னைக்கு எங்க முதலாளி அண்ணாச்சி முன்னால டீலர் 20 ஜிபி ஃபைல் ஒண்ணைக் காப்பி பண்ணிக் காட்டினார். சர்ருனு போச்சு. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்லு. ஆனா பெரிய ஃபைலை ஒரே மூச்சுல எழுதுறது வேற, டேட்டாபேஸ் வேலை வேற. ஒவ்வொரு பில்லுக்கும் ‘நிஜமாவே எழுதிட்டியா’ன்னு டிஸ்க்கைக் கேட்டுக்கிட்டே இருக்கும் டேட்டாபேஸ். எண்டர்பிரைஸ் டிஸ்க்குக்குள்ள கரண்ட் போனாலும் தாங்குற கெப்பாசிட்டர் இருக்கு, அதனால அது உடனே ‘ஆச்சு’ன்னு சொல்லிடும். வீட்டு டிஸ்க்குக்கு அந்த வசதி பொதுவா கிடையாது. போதாததுக்கு ரெய்டு 5: சின்னதா ஒண்ணு எழுத ரெண்டு தடவை படிச்சு ரெண்டு தடவை எழுதணும். எதையும் ரெண்டு டிஸ்க்குல அப்படியே வைக்கிற ரெய்டு 10 போட்டிருந்தா ரெண்டு தடவை எழுதுறதோட முடிஞ்சிருக்கும்.

மாசக் கடைசியில கணக்கு முடிக்கிறப்போ பில் போடுற பசங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. டீலருக்குப் போன் போட்டேன். “ஒரு செட்டிங்தான் தம்பி, ரிமோட்ல வந்து சரி பண்ணித் தாரேன்”னார். பண்ணினார். பறந்துச்சு.

என்ன பண்ணினார்னு கார்த்திகையிலதான் தெரிஞ்சுது. மழையில கரண்ட் போச்சு, யூபிஎஸ்ஸும் கையை விரிச்சிடுச்சு (பழைய பேட்டரி, அது எங்க கோளாறு). திரும்ப ஆன் பண்ணினா டேட்டாபேஸ் எந்திரிக்கவே இல்லை. நாலு டிஸ்க்கையும் சேர்த்து ஓட்டுற ரெய்டு கார்டுல, கரண்ட் போனா அதோட மெமரியைக் காப்பாத்துற பேட்டரியே கிடையாது. ஆனா டிஸ்க்குக்குப் போறதுக்கு முன்னாலேயே ‘எழுதியாச்சு’ன்னு சொல்லிடுற ‘ரைட் பேக்’ செட்டிங்கை, பேட்டரி இல்லேன்னாலும் ஓடட்டும்னு டீலர் வச்சிருந்தார். எழுதியாச்சுன்னு சொன்னதெல்லாம் கார்டோட மெமரியில கிடந்து கரண்டோட போயிடுச்சு. முந்தின ராத்திரி பேக்கப்பைத் தூக்கி வச்சு, அன்னைக்கு போட்ட பில்லையெல்லாம் கார்பன் காப்பி பார்த்து மறுபடி அடிச்சோம். தரை பூரா மஞ்சத் தாள்.

அப்புறம்தான் டிரேயை உருவிப் பார்த்தேன். நாலும் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போடுற, விலை குறைஞ்ச கியூஎல்சி வகை டிஸ்க். ஒண்ணுல பழைய ஸ்டிக்கரைச் சுரண்டின பிசுக்கு இன்னும் விரல்ல ஒட்டுது. ரெய்டு கார்டுக்குப் பின்னால இருக்கிற டிஸ்க் சும்மா பார்த்தா தெரியாது. டிஸ்க்கோட ஆயுள் கணக்கைக் காட்டுற ஸ்மார்ட்சிடிஎல் புரோகிராமுக்கு, கார்டைத் தாண்டிப் பார்க்க மெகாரெய்டு ஆப்ஷன் கொடுத்துப் பார்த்தேன். ஓடின நேரம் 14,216 மணி. ஒன்றரை வருஷத்துக்கும் மேல! நாங்க வாங்கி நாலு மாசம்தான் ஆச்சு.

வாங்கப் போறவங்க பார்ட் நம்பரை எழுதி வாங்குங்க. ஒரு நாளைக்கு டிஸ்க் முழுசையும் எத்தனை தடவை எழுதலாம்ங்கிற கணக்கையும் கேளுங்க: 1.92 டிபி டிஸ்க்குக்கு தினம் ஒரு தடவை, 5 வருஷம்னா மொத்தம் 3,504 டிபி எழுதலாம். பணம் கொடுக்குறதுக்கு முன்னால போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட வர்ற, டிஸ்க் நிஜமாவே எழுதி முடிக்கிற வேகத்தை அளக்குற பிஜி டெஸ்ட் எஃப்சிங்கை உங்க கையாலேயே ஓட்டுங்க. ரெய்டு கார்டுல பேட்டரி இருக்கான்னு திறந்து காட்டச் சொல்லுங்க.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்னா, வியாபாரத்துக்கு வாங்கின பொருளுக்கு 2019 சட்டத்துல பொதுவா இடமில்லேன்னு வக்கீல் சொல்லிட்டார். அதனால நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். நேத்து டீலர் கூப்பிட்டார். “ரெண்டு டிஸ்க்கை மாத்தித் தாரேன், மத்த ரெண்டும் நல்லாத்தான ஓடுது?”ன்னு கேக்காரு.