லடாக்கா, ஸ்பிதியா?

மலையும் பௌத்த மடங்களும் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இது.

போய்ச் சேர:
லே (லடாக்கின் முக்கிய ஊர்) – டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம்.
ஸ்பிதி (இமாச்சலப் பிரதேசத்துப் பள்ளத்தாக்கு) – விமான நிலையம் கிடையாது. சிம்லா, கின்னௌர் வழியே இரண்டு நாள் சாலை. மணாலி வழியில் குன்சும் கணவாய் (4,551 மீ.) பனிக்காலத்தில் மூடிவிடும்.

உடம்பு:
லே – 3,500 மீட்டரில் நேரே இறக்கிவிடுவார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வெடுக்காவிட்டால் தலைவலி, வாந்தி.
ஸ்பிதி – அதன் முக்கிய ஊரான காஸா இன்னும் உயரம்தான். ஆனால் சிம்லா வழியில் மெல்ல ஏறுவதால் பழகிவிடும்.

செலவு: லேவுக்குச் சீசனில் விமானக் கட்டணம் கடிக்கும். காஸாவுக்கு அரசுப் பேருந்தே போகிறது.

மடங்கள்:
லடாக் – ஹெமிஸ், திக்ஸே, ஆல்ச்சி. எண்ணிக்கையில் இதுதான் முந்தும்.
ஸ்பிதி – கீ, தாபோ. 996-ல் எழுந்த தாபோ வெளியே வெறும் மண் சுவர். உள்ளே இருட்டுக்குக் கண் பழகப் பழக, ஓவியங்களும் சுதைச் சிற்பங்களும் ஒவ்வொன்றாகத் தெளியும். படம் எடுக்க அனுமதி இல்லை, நல்லதுதான்.

ஒரு வாரமே லீவு, சாலைப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றால் லே. பத்து நாளும் பொறுமையும் இருந்தால், என் ஓட்டு தாபோவுக்கு.